உர்ஃபா 12,000 ஆண்டுகளாக ஒரே நகரமா?

துருக்கியின் தென்கிழக்கில், சிரிய எல்லைக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள ஷான்லிஉர்ஃபாவுக்குச் சுற்றுலா போய்வந்த நண்பர் ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது: அந்த ஊர் 12,000 ஆண்டுகளாக மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் நகரம், ஆபிரகாம் பிறந்த இடம், இந்தியாவில் உயிர்நீத்த புனித தோமாவின் எலும்புகள் வைக்கப்பட்டிருந்த தலம் என்றெல்லாம் வழிகாட்டி சொன்னாராம், இவற்றுள் எது வரலாறு, எது கதை என்று தெரிய வேண்டும் என்கிறார். மூன்று கேள்விகளைப்போலத் தோன்றினாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். கற்காலத்தவர் குடியிருந்த இடமும், எதெஸ்ஸா என்று கிரேக்கர் அழைத்த ஊரும், இன்றைய உர்ஃபாவும் ஒரே ஊர்தானா என்பதே அது. கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் மேற்காசிய வரலாறு கற்பித்தவன், அந்த ஊரில் இருமுறை சில வாரங்கள் தங்கியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்த ஊரின் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் சிரியாக் என்ற பழைய மேற்காசிய மொழியில் உள்ளன; அவற்றை மூலத்தில் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லை, மொழிபெயர்ப்புகளின் வழியாகவே அறிவேன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

12,000 ஆண்டு என்ற எண் வெறும் விளம்பரம் அன்று. நகருக்கு வடகிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் கோபெக்லி தெபே என்ற மேடு இருக்கிறது. கி.மு. 9500ஐ ஒட்டிய காலத்தில், மண்பாண்டம் செய்யவும் பயிரிடவும் தொடங்கியிராத மக்கள், விலங்குருவங்கள் செதுக்கிய டி வடிவச் சுண்ணாம்புக்கல் தூண்களை அங்கே வட்டவட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஜெர்மானிய அகழாய்வாளர் கிளவுஸ் ஷ்மிட் 1995இல் தோண்டத் தொடங்கினார். 2018இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அந்த மேடு கி.மு. 8000ஐ ஒட்டிக் கைவிடப்பட்டுவிட்டது. அது உர்ஃபா நகரமும் அன்று. நகருக்குள்ளேயே கிடைத்த சான்று வேறொன்று. 1990களின் தொடக்கத்தில், புனித மீன்கள் வளர்வதாகக் கருதப்படும் இன்றைய குளத்துக்கு அருகில், கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது ஆளுயரக் கற்சிலை ஒன்று துண்டுகளாக வெளிப்பட்டது. கண் குழிகளில் கரிய எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த அந்த ‘உர்ஃபா மனிதன்’ ஏறத்தாழ 11,000 ஆண்டுப் பழமையானது. இயல்பான ஆள் அளவில் நமக்குக் கிடைத்துள்ள மனிதச் சிலைகளுள் மிகப் பழையது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆகவே குளத்தின் ஓரத்தில் அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குடியிருந்தனர் என்பதை உறுதியாகச் சொல்லலாம். அன்றிலிருந்து இன்றுவரை இடைவிடாமல் குடியிருந்தனர் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது.

இந்த வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. உர்ஃபாவுக்குத் தெற்கே 40 கி.மீ. சொச்சம் தொலைவில் உள்ள ஹர்ரான், கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிலிருந்தே ஆப்பெழுத்துப் பலகைகளில் பெயரோடு இடம்பெறுகிறது. அங்கிருந்த நிலாக்கடவுள் சின்னின் கோயில் அசீரிய, பாபிலோனிய மன்னர்களின் பக்திக்கு உரியதாக இருந்தது. உர்ஃபாவுக்கோ அந்தப் பலகைகளில் உறுதியாக அடையாளம் காணப்பட்ட பெயர் எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் சில பழம்பெயர்களை இதற்குப் பொருத்திப் பார்த்ததுண்டு, எதுவும் நிலைபெறவில்லை. ஊரின் எழுதப்பட்ட வரலாறு, அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரான செலூக்கஸ் நிகேட்டர் கி.மு. 303ஐ ஒட்டி இதைக் கிரேக்க நகரமாக நிறுவியதிலிருந்துதான் தொடங்குகிறது. மக்கெதோனியாவிலிருந்த பழைய எதெஸ்ஸாவின் பெயரையே இதற்கும் வைத்தார். அந்த ஊரைப்போலவே இதுவும் நீர் வளம் மிக்க இடம் என்பதால் அப்பெயர் வந்தது என்பது பழைய விளக்கம். உள்ளூர் மக்கள் தங்கள் அரமேய மொழியில் ஓர்ஹாய் என்றே சொல்லிவந்தார்கள். அரபியில் அது அர்ருஹா ஆயிற்று, துருக்கியில் உர்ஃபா ஆயிற்று. ஆள வந்தவர்கள் எத்தனை பெயர் சூட்டினாலும் வழங்குபெயர் அழியாமல் நின்றது என்பதால், கிரேக்கர் வருவதற்கு முன்பே அங்கே ஓர் ஊர் இருந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். நானும் அப்படியே கருதுகிறேன். ஆனால் அது ஊகமே.

இந்த ஊரின் கதையை நடத்திச் செல்வது நீர். கோட்டைப் பாறையின் அடியில் வற்றாத ஊற்றுகள் உண்டு. மேற்கிலிருந்து தைசான் என்ற ஆறு ஊருக்குள் வரும். அதைக் கிரேக்கர் ‘துள்ளிப் பாய்வது’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். கோடையில் நூலாக ஒழுகும் அந்த ஆறு மழைக்காலத்தில் மதிலை உடைக்கும். கி.பி. 201 நவம்பரில் ஓர் இரவில் வந்த வெள்ளத்தைப் பற்றி ‘எதெஸ்ஸா நாளாகமம்’ என்ற பழைய ஊர் வரலாற்றுக் குறிப்பு விரிவாக எழுதுகிறது: மேற்கு மதிலின் மதகுகள் அடைபட்டு, நீர் உயர்ந்து, மதில் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 2,000 பேருக்கு மேல் மாண்டனர். அரசர் எட்டாம் அப்கார் ஊருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் ஐந்தாண்டு வரி தள்ளுபடி செய்தார். ஆற்றோரம் கடை வைத்திருப்பவர்கள் மழைக்காலம் முழுவதும் இரவில் கடையில் தங்கக் கூடாது என்று ஆணையிட்டார். தமக்கும் மேட்டில் ஒரு குளிர்கால மாளிகை கட்டிக்கொண்டார். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய நகராட்சி ஆணை ஒன்றை இவ்வளவு நெருக்கத்தில் படிக்கக் கிடைப்பது அரிது. 525இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது ஊரின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டதாக அக்கால வரலாற்றாசிரியர் பிரகோபியஸ் எழுதுகிறார். அதன் பிறகே பேரரசர் ஜஸ்டீனியன் ஆற்றுக்கு அணை போட்டு, ஊரைச் சுற்றிப் புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார். இன்றும் ஓடை அந்தத் திருப்பத்தையே பெரும்பாலும் பின்பற்றுகிறது.

அப்காரின் காலத்தில் எதெஸ்ஸா ரோமாபுரிக்கும் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியாவுக்கும் இடையே சிக்கிய ஒரு சிற்றரசின் தலைநகர். ஓஸ்ரோயினி என்ற அந்த அரசு கி.மு. 132ஐ ஒட்டித் தோன்றி, கி.பி. 213ஐ ஒட்டி ரோமாபுரியால் விழுங்கப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டில் சில ஆண்டுகள் மீண்டும் தலைகாட்டி மறைந்தது. அளவில் சிறியதாயினும் இந்த ஊரின் அரமேயப் பேச்சு வழக்குதான் சிரியாக் என்ற இலக்கிய மொழியாகி, மத்தியதரைக் கடலிலிருந்து கேரளம் வரை திருச்சபைகளின் வழிபாட்டு மொழியாகப் பரவியது. அப்காரின் அவையில் இருந்தவர் பர்தைசான் என்ற மெய்யியலார். பெயரின் பொருளே ‘தைசான் ஆற்றின் மகன்’ என்பது. ரோமப் பேரரசரைக் காணச் சென்றுகொண்டிருந்த இந்தியத் தூதர்களை இவர் சந்தித்து, அவர்களிடம் கேட்டறிந்ததை எழுதிவைத்தார். அந்த எழுத்தில் சில பகுதிகளைக் கிரேக்க மெய்யியலார் போர்ஃபிரி எடுத்தாண்டதால் அவை நமக்குக் கிடைத்துள்ளன. இந்திய ஞானிகளில் பிராமணர், சமனையர் என இரு வகை உண்டு என்கிறார் பர்தைசான். பிராமணர் பிறப்பால் வருபவர். சமனையர் யாரும் ஆகலாம், சொத்தைத் துறந்து, தலையை மழித்து, மடத்தில் மணியோசைக்கு ஏற்ப வாழ்பவர். நாம் ‘சமணர்’ என்று வழங்கும் சொல்லின் மூலமான சிரமணர்தான் அது. விவரங்களைப் பார்த்தால் அவர் கேட்டறிந்தது பௌத்தத் துறவிகளைப் பற்றி என்று தோன்றுகிறது.

இனி ஆபிரகாம். இங்கேதான் வழிகாட்டி சொன்னதைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். விவிலியத்தின் ஆதியாகமம் ஆபிரகாமின் குடும்பம் கல்தேயரின் ‘ஊர்’ என்ற பெயருடைய நகரத்திலிருந்து புறப்பட்டு ஹர்ரானில் தங்கியதாகச் சொல்கிறது. அந்த ‘ஊர்’, தெற்கு ஈராக்கில் 1922 முதல் 1934 வரை லெனார்டு வூலி தோண்டிய பழம்பெரும் நகரமே என்பது பெரும்பான்மைக் கருத்து. ஹர்ரானுக்குப் பக்கத்தில் உள்ள உர்ஃபாவாகவே அது இருக்கலாம் என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. ஆனால் ஆபிரகாம் என்ற மனிதரைப் பற்றி விவிலியத்துக்கு வெளியே அக்காலச் சான்று எதுவும் இல்லாத நிலையில், பிறந்த ஊரை வரலாற்று முறையில் நிறுவ வழியில்லை. நிம்ரோத் மன்னன் அவரைக் கோட்டையிலிருந்து தீயில் எறிய, தீ நீராகவும் விறகு மீன்களாகவும் மாறிய கதையை நீங்கள் குளக்கரையில் கேட்டிருப்பீர்கள். தீ குளிர்ந்த செய்தி திருக்குர்ஆனில் உண்டு. ஆனால் அங்கே நிம்ரோதின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லப்படவில்லை. கோட்டையில் நிற்கும் இரட்டைத் தூண்களை மக்கள் நிம்ரோதின் கவண் என்கிறார்கள். அவற்றில் ஒன்றில் உள்ள சிரியாக் கல்வெட்டோ ஷல்மத் என்ற அரசியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

மீன்களின் வரலாறு இந்தக் கதையைவிட நீண்டது. 384இல் இங்கே வந்த எகேரியா என்ற கிறித்தவப் பயணி, அரண்மனைக் குளத்தில் நீந்திய மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: இவ்வளவு பெரிய, இவ்வளவு பளபளப்பான, இவ்வளவு சுவையான மீன்களைத் தாம் கண்டதே இல்லை என்கிறார். இன்று அந்த மீனைப் பிடித்தாலே கண் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். எகேரியாவோ சுவையைச் சொல்கிறார். ஆயர் அவருக்குச் சொன்ன தல வரலாற்றிலும் ஆபிரகாமின் தீ இல்லை. பாரசீகர் முற்றுகையிட்டு ஊரின் நீரைத் தடுத்தபோது இறையருளால் ஊற்றுகள் பொங்கின என்பதே அன்றைய கதை. அதற்கும் முன்பு, கிறித்தவம் வராத காலத்தில், அதர்காத்தி என்ற தேவியின் வழிபாடு இவ்வூரில் இருந்தது. எல்லைக்கு அப்பால் சிரியாவிலுள்ள மன்பிஜில் அத்தேவியின் கோயில் குளத்தில் புனித மீன்கள் வளர்க்கப்பட்டதைக் கிரேக்க நூல் ஒன்று வருணிக்கிறது. உர்ஃபாவின் மீன்களும் அந்தத் தேவியின் மீன்களாகவே தொடங்கியிருக்கலாம். நேரடிச் சான்று இல்லாவிட்டாலும் இந்த விளக்கம் எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அதே குளம், அதே மீன்கள். கதையை மட்டும் ஒவ்வொரு சமயமும் தன் மொழியில் புதிதாகச் சொல்லிக்கொண்டது.

தோமாவின் எலும்புகள் பற்றிய பகுதியில் வழிகாட்டி சொன்னது பெருமளவு சரி. நான்காம் நூற்றாண்டில் எதெஸ்ஸாவில் தோமாவின் பேழை ஒன்று வணங்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. 373இல் இங்கே இறந்த கவிஞர் எஃப்ரேம், வணிகர் ஒருவர் அந்த எலும்புகளை இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததாகப் பாடியிருக்கிறார். எகேரியா அந்தக் கோயிலில் வழிபட்டிருக்கிறார். 394 ஆகஸ்ட் 22இல் பேழை பெரிய கோயிலுக்கு மாற்றப்பட்டதை நாளாகமம் பதிவு செய்கிறது. ஜூலை 3 தோமாவின் திருநாளாகக் கொண்டாடப்படுவதே எலும்புகள் எதெஸ்ஸாவுக்கு வந்த நினைவாகத்தான். மயிலாப்பூர் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் அந்நாளைக் கொண்டாடுபவர்கள் பலர் இந்தத் துருக்கிய ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எலும்புகள் உண்மையிலேயே தோமாவினுடையவையா, அவை இந்தியாவின் எப்பகுதியிலிருந்து வந்தன என்பவை வேறு கேள்விகள். மூன்றாம் நூற்றாண்டில், பெரும்பாலும் எதெஸ்ஸாவிலேயே எழுதப்பட்ட ‘தோமாவின் பணிகள்’ என்ற நூல் மயிலாப்பூரைக் குறிப்பிடுவதில்லை. அதில் வரும் குந்தபோரஸ் மன்னனின் நாணயங்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும்தான் கிடைத்துள்ளன. தென்னிந்தியத் தோமா மரபு இந்நூலைச் சாராமல் தனியே வாழ்ந்து வந்த மரபு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இதே வரிசையில், இயேசுவின் காலத்து எதெஸ்ஸா அரசர் ஐந்தாம் அப்காருக்கு இயேசு எழுதியதாகச் சொல்லும் கடிதத்தையும் வைக்கலாம். திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் அதை எதெஸ்ஸாவின் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னாலும், இன்று ஆய்வாளர்கள் அதைப் பிற்காலப் புனைவாகவே கொள்கிறார்கள். எனினும் அந்தக் கடிதம் ஊரைக் காக்கும் என்ற நம்பிக்கை உண்மையான வரலாற்று ஆற்றலாக இருந்தது. 544இல் பாரசீக மன்னர் கோஸ்ரோவின் முற்றுகையை ஊர் தாங்கிய காலத்தில் அதன் வாசகம் நகர வாயிலில் பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர் இயேசுவின் முகம் பதிந்ததாகக் கருதப்பட்ட துணியும் இதே நம்பிக்கையில் சேர்ந்தது. 639இல் ஊர் அரபுப் படைகளிடம் உடன்படிக்கையின்பேரில் பணிந்தது. கிறித்தவர்கள் பெரும்பான்மையாகவே வாழ்ந்தார்கள். 944இல் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், படை ஊரைச் சூழ்ந்து அந்தத் துணியைக் கேட்டபோது, 200 முஸ்லிம் கைதிகளும் 12,000 வெள்ளிக் காசுகளும் அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டன.

ஊர் மக்களின் தொடர்ச்சி முதன்முதலாகப் பெரிய அளவில் அறுந்தது 12ஆம் நூற்றாண்டில். 1098இல் சிலுவைப் போர்த் தலைவர் பால்ட்வின், ஆர்மீனிய ஆட்சியாளர் தோரோசுக்கு வளர்ப்பு மகனாக வந்து, சில வாரங்களில் அவர் கும்பலால் கொல்லப்பட, தாமே ஆட்சியாளரானார். சிலுவைப் போராளிகள் கிழக்கில் நிறுவிய முதல் அரசு இதுவே. 1144 டிசம்பர் 24இல் மோசுலின் முஸ்லிம் ஆட்சியாளர் செங்கி மதிலைத் தகர்த்து நுழைந்தார். இரண்டாம் சிலுவைப் போருக்குத் தூண்டுதல் அந்தச் செய்திதான். அதைவிடக் கொடியது இரண்டாண்டு கழித்து நடந்தது: ஊரின் பழைய சிலுவைப் போர்ப் பிரபு யோசலின் அதை மீட்க முயன்று தோற்க, செங்கியின் மகன் நூருத்தீனின் படை ஊரையே காலி செய்தது. இரு முறையும் சேர்த்து 30,000 பேர் கொல்லப்பட்டு 16,000 பேர் அடிமைகளாக்கப்பட்டதாகச் சிரியாக் வரலாற்றாசிரியர் மைக்கேல் கணக்குச் சொல்கிறார். இடைக்கால எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை; ஆனால் அதன்பிறகு எதெஸ்ஸா பழைய எதெஸ்ஸாவாக எழவே இல்லை என்பதை மற்றச் சான்றுகளும் காட்டுகின்றன. மங்கோலியர் வருகையையும் தைமூர் காலத்தையும் இங்கே விரிக்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒட்டோமானியர் கைக்கு வந்த ஊர், சிரியாவின் அலெப்போ நகர வணிக வட்டத்துக்குள் வாழும் மாகாண நகரமாக மெல்ல மீண்டது. குளக்கரையில் நீங்கள் பார்த்த ரிஸ்வானியே பள்ளிவாசல் 1736இல் கட்டப்பட்டது.

இரண்டாவது முறிவு நம் பாட்டன்மார் காலத்தது. வழிகாட்டிகள் அதைச் சொல்வதில்லை. 1895 டிசம்பர் இறுதியில் உர்ஃபாவின் ஆர்மீனியக் குடியிருப்பு தாக்கப்பட்டது. பேராலயத்தில் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 3,000 பேர் கட்டடத்தோடு எரிக்கப்பட்டனர். நேரில் விசாரித்த பிரித்தானியத் துணைத் தூதர் ஃபிட்ஸ்மாரிஸ், அதுவரையிலான இரண்டு மாதங்களில் ஊரில் இறந்தவர் 8,000ஐ நெருங்குவர் என்று மதிப்பிட்டார். 1915இல் ஒட்டோமானிய அரசின் நாடுகடத்தலுக்கு உடன்பட மறுத்து ஆர்மீனியர்கள் தங்கள் கல்வீடுகளுக்குள் இருந்து ஏறத்தாழ மூன்று வாரம் எதிர்த்து நின்றனர். பீரங்கி கொண்டு அது அடக்கப்பட்டது. இதை இனப்படுகொலையின் ஒரு பகுதி என்பதில் வரலாற்றாய்வாளர் மிகப் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்; துருக்கிய அரசு அச்சொல்லை ஏற்பதில்லை. போருக்குப் பின் முதலில் பிரித்தானியரும் அடுத்துப் பிரெஞ்சுக்காரரும் ஊரைப் பிடித்தனர். 1920 பிப்ரவரியில் தொடங்கிய முற்றுகைக்குப் பின் ஏப்ரல் 11இல் பிரெஞ்சுப் படை வெளியேறியது. அந்த நாளையே ஊர் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. அதற்காகவே 1984இல் நாடாளுமன்றம் ‘ஷான்லி’, அதாவது புகழ்மிக்க, என்ற அடைமொழியை வழங்கியது. ஓர்ஹாயின் அரமேயத்தைக் காத்துவந்த சிரியாக் கிறித்தவர்களும் 1924இல் அலெப்போவுக்குக் குடிபெயர்ந்தனர். எஃப்ரேமின் ஊர்ப் பாட்டு மரபைக் கேட்க விரும்புபவர் அதன் பிறகு அலெப்போவின் சுரியான் குடியிருப்பில் உள்ள கோயிலுக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. இன்று உர்ஃபாவில் வாழ்பவர்கள் பெரும்பாலும் குர்து, அரபு, துருக்கிய முஸ்லிம்கள். அவர்களுள் பலருடைய குடும்பங்களும் பல நூற்றாண்டுகளாக இந்நிலத்தில் இருப்பவை. அவர்களை வந்தேறிகளாகக் காட்டுவதும் பிழையே.

இந்த முறிவுகளை வைத்துப் பார்த்தால் உங்கள் வழிகாட்டியின் வாக்கியத்தை நான் இப்படி மாற்றுவேன்: அந்த ஊற்றுகளைச் சுற்றி 11,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குடியிருந்தனர், இடையில் இருண்ட நெடுங்காலம் உண்டு, 2,300 ஆண்டுகளாக எழுத்தில் அறியப்படும் நகரம் உண்டு, ஆனால் அதில் வாழ்ந்த சமூகங்கள் குறைந்தது இருமுறை வலுக்கட்டாயமாக மாற்றப்பட்டன.

கடைசியாக, நீர் மீண்டும் இந்த ஊரை மாற்றிய கதை. 1990களில் அத்தாதுர்க் அணையின் நீர், ஒவ்வொன்றும் 26 கி.மீ. நீளமுள்ள இரு சுரங்கங்களின் வழியே ஹர்ரான் சமவெளிக்கு வந்தது. வறண்ட நிலம் பருத்திக் காடானது, தாழ்வான வயல்களில் உப்பும் ஏறியது. அதே அணை மூழ்கடித்த இடங்களுள் ஒன்று நெவாலி சோரி. டி வடிவத் தூண்கள் முதலில் கிடைத்த அந்தக் களத்தில் வேலை செய்திருந்ததால்தான் கோபெக்லி தெபேயின் மேட்டில் துருத்திய கற்களைக் கண்டதும் அவை என்னவென்று ஷ்மிட்டுக்குப் புரிந்தது. சிரியப் போர் தொடங்கியபின் எல்லை கடந்து இந்த மாகாணத்துக்கு வந்தவர்கள் 4 இலட்சத்துக்கும் மேல். 1924இல் அலெப்போவுக்குப் போன பாதையில் இம்முறை மக்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். 2023 பிப்ரவரி நிலநடுக்கம் ஓய்ந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், மார்ச் 15 அன்று பெய்த பெருமழையில் ஓடை பெருகி நகரின் தாழ்வான பகுதிகளையும் சாலைச் சுரங்கப் பாதையையும் மூழ்கடித்தது, பலர் உயிரிழந்தனர். அருங்காட்சியக வளாகத்திலும் நீர் புகுந்தது. அப்காரின் காலத்தில், 194இல், எதெஸ்ஸாவில் செய்யப்பட்டு, பின்னர் திருடப்பட்டு அமெரிக்காவின் டல்லாஸ் வரை போய் 2012இல் நாடு திரும்பி அங்கே இருக்கும் ஓர்ஃபியஸ் மொசைக்கை (வண்ணக்கல் பதிப்பு ஓவியத்தை) நீங்கள் பார்க்கத் தவறியிருந்தால், அடுத்தமுறை அதன் மேல் உள்ள சிரியாக் எழுத்துகளை அருகில் நின்று பாருங்கள். 201ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், அந்த ஆற்றங்கரை ஊரில் பேசிய மொழி அது.